இடது கைக்காரிக்கு வைத்த தட்டு

ஓகிஸாகி
1986 பிப்ரவரி 16, காலை

அன்புள்ள ரித்ஸுகோவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், வீடு நலம், கூரையில் பனி இரண்டடி, அதுவும் நலமாகவே இருக்கிறது. அங்கே நீ நலமா என்று எல்லாக் கடிதத்திலும் கேட்டுவிட்டு மூச்சு விடாமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறவன் நான். இந்த முறை பதில் தெரிய வேண்டும் என்பதற்காகவே கேட்கிறேன். அந்தப் பதிலை நீ எப்படிக் கண்டுபிடிக்க வேண்டும், எதைச் சமைத்துத் தின்றுவிட்டுச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் பின்னால் வருகிறது. சமையல் குறிப்புதானே என்று பாதியில் மடித்து வைத்துவிடாதே. நீ ஜனவரி இருபத்திரண்டில் எழுதியது நேற்று முன்தினம் காலையில் வந்தது. நவம்பர் கடைசிக்குப் பிறகு வந்த முதல் கடிதம். தபால்காரர் கையில் நீல உறையைப் பார்த்ததும் நான் பனியில் செருப்பில்லாமல் ஓடினேன் என்று தெருவில் சொல்கிறார்கள். செருப்பு ஒன்று இருந்தது. கடிதத்தை நான்கு முறை படித்தேன், முதல் முறை சந்தோஷமாக.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மா போன பிறகு நான் சமைக்கக் கற்றுக்கொண்டேன். அறுபத்தேழு வயதில் அடுப்பின் எந்தத் திருகு எந்த வாயைத் திறக்கும் என்று தெரிந்துகொள்வது அவமானமான காரியம், ஆனால் பசி அதைவிட அவமானமாக இருந்தது. அம்மாவின் சமையல் நோட்டு மாவு டப்பாவுக்குப் பின்னால் கிடைத்தது. பொருள்களின் பெயரெல்லாம் சுத்தமாக எழுதியிருக்கிறாள், அளவு வரவேண்டிய இடத்தில் எல்லாம் ‘வழக்கம்போல்’ என்று எழுதியிருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு இடங்களில் ‘வழக்கம்போல்’. வழக்கம் என்ன என்று தெரிந்த ஒரே ஆள் போய்விட்டாள். அதனால் எடுத்த எடுப்பில் பிழை, பிறகு திருத்தம், இப்படியே போனது. பக்கத்து வீட்டுக் குராமோச்சியம்மாள், மீன்கடைக்காரர் மனைவிதான், நாள்தோறும் வந்து பரிசோதனை நடத்துவார். முட்டைச் சுருளைப் பார்த்துவிட்டு “என்ன வாத்தியாரே, முட்டையச் சுருட்டச் சொன்னா மெத்தையச் சுருட்டி வச்சிருக்கீங்க” என்றார். மிசோ விழுது கரைத்த சாற்றை ஒரு வாய் குடித்துவிட்டு, “இதக் கொதிக்க விட்டீங்கல்ல? பொய் சொல்லாதீங்க, மூக்கு சொல்லுது. மிசோவப் போட்டப்புறம் கொதிக்க விட்டா அது சாறு இல்ல, கழுவுன தண்ணி. முப்பத்தெட்டு வருஷம் உக்காந்து தின்னீங்களே, ஒரு நாளாவது எந்திரிச்சு வந்து அடுப்ப எட்டிப் பார்த்தீங்களா?” என்றார். பார்க்கவில்லை. வகுப்பில் எந்தப் பிள்ளையையும் நான் இப்படிக் கேட்டதில்லை. ஆனால் அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது, டிசம்பர் முடிவதற்குள் நான் வைத்த சாற்றைக் குடிக்க முடிந்தது.

இப்போது உன் தட்டுக்கு வருகிறேன். நீ பொலிவியாவுக்குக் கிளம்பிய அன்று மாலையிலிருந்தே அம்மா உனக்குத் தட்டு வைத்துவந்தாள், உனக்குத் தெரிந்திருக்கும். தூரதேசம் போனவர்களுக்கு வீட்டில் வைப்பதுதான், போன இடத்தில் அவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது, ஆபத்து வரக் கூடாது என்று. மாலை ஆறு மணிக்கு நாங்கள் உட்காரும்போது உன் இடத்திலும் ஒரு கிண்ணம் சோறு, மூடி போட்ட சாறு, ஏதோ ஒரு கறி, குச்சிகள். நாங்கள் சாப்பிட்டு முடித்ததும் அம்மா உன் சாற்றுக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்ப்பாள். நீர் முத்து முத்தாக நிற்கும். “பொண்ணு நல்லா இருக்கா” என்று சொல்லிவிட்டு ஆறிப்போன அந்தச் சாப்பாட்டை இரண்டு பங்காக்குவாள். இரண்டு வருடமும் நான் கேலி செய்தேன். சூடான சாறு, குளிர்ந்த மூடி, நடுவில் ஆவி, இது முப்பத்தொரு வருடம் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நான் நடத்திய பாடம், பொலிவியாவில் அவளை மாடு முட்டினாலும் இந்த மூடி வேர்க்கும் என்றேன். “வேர்க்கட்டுமே, உங்களுக்கு என்ன போச்சு” என்பாள். ஆஸ்பத்திரியில் கடைசியாக ஒழுங்காகப் பேசிய நாளில் என்னிடம் வீட்டுச் சாவி எங்கே என்றோ சேமிப்பு எவ்வளவு என்றோ சொல்லவில்லை. “அவ தட்ட மட்டும் நிறுத்திடாதீங்க. எப்பவும் போல வைங்க” என்றாள். நிறுத்தவில்லை. எப்பவும் போல என்ற பகுதியைத்தான் நான் கேட்கவில்லை.

டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நீ இடது கைக்காரி. முதல் வகுப்பில் வாத்தியாரம்மா உன் பென்சிலை வலது கைக்கு மாற்ற, நீ வீட்டுக்கு வந்து சாற்றைக் கொட்டிக்கொண்டு அழுதது எனக்கு நினைவிருக்கிறது. சோறு இடப்பக்கம், சாறு வலப்பக்கம் என்று வைப்பதே இடது கையில் கிண்ணத்தைத் தூக்கி வலது கையில் குச்சி பிடிக்கிறவர்களின் வசதிக்குத்தான். அப்படியென்றால் உனக்கு மாற்றி அல்லவா வைக்க வேண்டும்? இரண்டு வருடமாக உன் அம்மா உன்னை வலது கைக்காரியாகவே போஷித்திருக்கிறாள், நான் திருத்துகிறேன் என்று நினைத்தேன். திருத்துவது வாத்தியார்களுக்கு ஒரு வியாதி. அன்று மாலை உன் சோற்றை வலப்பக்கமும் சாற்றை இடப்பக்கமும் வைத்தேன். நெஞ்சு நிறைந்திருந்தது, உனக்காக நானே யோசித்துச் செய்த முதல் காரியம் அது என்று பட்டது.

அன்று சாப்பிட்டு முடித்து உன் மூடியைத் திறந்தேன். உனக்கே தெரியும், அரக்குப் பூசிய அந்த மூடி சாறு ஆற ஆறக் கிண்ணத்தைக் கவ்விக்கொள்ளும், கிண்ணத்தை இரு பக்கமும் அழுத்தினால்தான் விடும். அது தொப்பி போலக் கழன்று வந்தது. உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. என் மூடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே. மூடியில் ஏதோ விரிசல் என்று மூடிகளை மாற்றினேன், உன் இடத்துக்குப் போனதும் என் மூடி காய்ந்தது. கிண்ணங்களை மாற்றினேன். வெப்பமானி வைத்துப் பார்த்தேன், இரண்டு சாறும் எழுபத்தெட்டு டிகிரி. ஜன்னல் காற்றோ என்று ஜன்னலுக்குத் துணி அடைத்தேன். இரண்டு வாரம் அட்டவணை போட்டுக் குறித்திருக்கிறேன், நாற்பது பக்க நோட்டில் பாதி தீர்ந்துவிட்டது. இத்தனை ஒழுங்காக நான் செய்த எந்தப் பரிசோதனையும் இத்தனை அபத்தமான முடிவைத் தந்ததில்லை. அந்த இடத்தில் வைத்த சாற்றின் ஆவி மூடிக்கு வருவதில்லை, வேறெங்கோ போகிறது.

போனது ஆவி மட்டும் இல்லை. உன் தட்டில் வைத்ததை ஆறிய பிறகு நான்தானே சாப்பிட வேண்டும். ஒரே சுருளிலிருந்து பாதி எனக்கு, பாதி உனக்கு என்று வெட்டுவேன். என் பாதியில் உப்பு, இனிப்பு, எல்லாம் இருக்கும். உன் பாதி ஈரத்துணியை மென்றதுபோல் இருக்கும். என் நாக்குத்தான் கெட்டுவிட்டது என்று உப்பைக் கூட்டினேன், என் பாதி கருவாடு போலக் கரித்தது, உன் பாதி அதே துணி. புது வருடத்து மூன்றாம் நாள் காலை, முந்தின மாலை மிச்சமான உன் பாதியைக் குராமோச்சியம்மாளுக்குக் கொடுத்தேன், எங்கிருந்து எடுத்தது என்று சொல்லவில்லை. மென்றார், நிறுத்தினார், கையில் துப்பிப் பார்த்தார். “வாத்தியாரே, உப்பு இல்லேன்னு சொல்லுவாங்க, இனிப்பு இல்லேன்னு சொல்லுவாங்க. இதுல முட்டையே இல்லையே” என்றார்.

இதே நாள்களில்தான் உன் கடிதங்கள் நின்றன. இரண்டு வாரத்துக்கு ஒன்று வந்தது, ஒரு மாதமாயிற்று, ஒன்றரை மாதமாயிற்று. டோக்கியோவில் உங்களை அனுப்பிய அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பேசிய இளைஞன் மிகவும் மரியாதையாக, மலைப்பாதையில் மழையால் மண் சரிந்து உங்கள் கிராமத்திலிருந்து ஐந்து வாரமாகச் செய்தியே இல்லை என்றான். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்றேன். “தகவல் வரலைன்னா ஒண்ணும் நடக்கலைன்னுதான் சார் நாங்க எடுத்துக்குவோம்” என்றான். வசதியான முறை. நான் அவனிடம் மூடியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்துவிட்டு புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி மூன்று, பேயை வெளியே விரட்ட வறுத்த சோயாக்கொட்டை இறைக்கும் நாள். வீட்டில் தனியாளாக இருப்பவன் யாரைப் பார்த்து இறைப்பான் என்று இரக்கப்பட்டுக் குராமோச்சியம்மாள் மாலை ஆறு மணிக்கு ஒரு கை வறுத்த கொட்டையோடு வந்தார். வழக்கமாகக் காலையில்தான் வருவார், அம்மாவின் நாற்பத்தொன்பது துக்க நாளும் படத்துக்கு முன்னால் தட்டு வைத்ததே அவர்தான், ஆனால் உன் மாலைத் தட்டை அவர் பார்த்ததில்லை. வாசலில் நின்று கொட்டையை இறைக்கக் கையை ஓங்கியவர் அப்படியே நின்றார். “இது யாருக்கு வச்சது?” என்றார். ரித்ஸுகோவுக்கு என்றேன். “விளையாடாதீங்க வாத்தியாரே. யாருக்கு?” ரித்ஸுகோவுக்குத்தான், இடது கைக்காரி என்பதால் மாற்றி வைத்திருக்கிறேன் என்று விளக்கினேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் கையிலிருந்த கொட்டையெல்லாம் தரையில் சிதறியது. “அட பாவி மனுஷா! சோத்த வலப்பக்கம் வச்சு சாற இடப்பக்கம் வச்சா அது செத்தவங்க தட்டுய்யா! உசிரோட இருக்கற பொண்ணுக்கு எத்தன நாளா இப்படி வைக்கிறீங்க?” என்றார். கணக்குப் பார்த்துச் சொன்னேன், ஐம்பத்தைந்து நாள்.

உனக்குக் கோபம் வரும், அம்மாவுக்கு வைத்ததை நாற்பத்தொன்பது நாள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள் என்று. பார்த்தேன். ஆனால் அந்தத் தட்டு படத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும், எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது உயிரோடிருப்பவர்களின் தட்டு போலவே தெரியும். ஆடிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சாப்பாட்டை ஒரு நாளாவது தன் கையால் பரிமாறியிருக்கிற எந்த மனிதனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான், அதைச் செய்ய முப்பத்தெட்டு வருடம் உட்கார்ந்தே தின்றிருக்க வேண்டும்.

அன்றே மாற்றி வைத்தேன். இப்போது நடப்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். மாற்றிய நாளிலிருந்து உன் பாதி முட்டையில் உப்பு இருக்கிறது. அந்த ருசியை இப்போது யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆனால் மூடி இன்னும் காய்ந்தேதான் இருக்கிறது, நேற்று மாலைவரை.

இந்த நிலையில்தான் உன் கடிதம் வந்தது. நீ உற்சாகமாக எழுதியிருக்கிறாய், அதனால்தான் நான்கு முறை படித்தேன். டிசம்பர் பாதியிலிருந்து பசியே இல்லை, உணவுப் பொருள் தட்டுப்பாடாக இருக்கும் நேரத்தில் எவ்வளவு சௌகரியம் என்கிறாய். எதைத் தின்றாலும் ருசி தெரிவதில்லை, மலை உயரம் அப்படி என்கிறாய். விடிகாலை ஐந்து மணிக்கு வயிறு நிறைந்து விழிக்கிறாய், வாயில் உப்பு தூக்கலான முட்டைச் சுருளின் ருசி, “அப்பா சமைத்தால் இப்படித்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டேன்” என்கிறாய். உன் விடிகாலை ஐந்து எங்கள் மாலை ஆறு. நீ வேலை செய்யும் மருத்துவமனையில் சமைக்கிற அம்மாள் தட்டுகளை எண்ணி வைக்கும்போது இப்போதெல்லாம் உன்னை விட்டுவிட்டே எண்ணுகிறாள், நீ எதிரில் நின்றால்கூட, கேட்டால் திடுக்கிட்டு மன்னிப்புக் கேட்கிறாள் என்கிறாய். சூப்புக் கிண்ணத்தின் மேல் குனிந்தால் உன் மூக்குக் கண்ணாடி இப்போது பனிப்பதே இல்லை, இந்த ஊர்க் காற்று அவ்வளவு உலர்ந்தது, துடைக்கிற வேலை மிச்சம் என்கிறாய். மகளே, நான் பௌதிகம் படித்தவன். அப்படியொரு உலர்ந்த காற்று கிடையாது.

குராமோச்சியம்மாளுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இடையில் ஒரு முறைகூட அவர் கேலி செய்யவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. செத்தவர்களின் சாப்பாடு உனக்கு மூன்றாம் தேதியோடு நின்றுவிட்டது, உயிரோடிருப்பவர்களின் சாப்பாட்டுக்கு நீ இன்னும் திரும்பவில்லை, நடுவில் நிற்கிறாய் என்றார். பாதாளத்து அடுப்பில் ஆக்கியதைத் தின்றவள் மேலே வர முடியாமல் போன கதை நம் நாட்டிலேயே மிகப் பழையது, அதை நான் பிள்ளைகளுக்கு மூடநம்பிக்கைக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். என்ன செய்யலாம் என்று கேட்டேன். “நாம இங்க வைக்கறது இனிமே செல்லாது. அவளே அவ கையால அடுப்பப் பத்தவச்சு, வீட்டுச் சாப்பாட்ட ஆக்கி, ருசி தெரியற வரைக்கும் தின்னணும். கஷ்டமானதெல்லாம் எழுதாதீங்க வாத்தியாரே, தெம்பு இருக்காது. சுலபமா நாலு எழுதுங்க” என்றார். நேற்று உனக்குத் தந்தி கொடுத்தேன், ‘உன் கையால் சமைத்துச் சாப்பிடு, அப்பா’ என்று. தபாலாபீஸ் பெண் வார்த்தைகளை எண்ணிவிட்டு, பெண்ணைப் பிரிந்த அப்பாக்கள் இப்படித்தான் என்பதுபோல் பார்த்தாள். அந்தத் தந்தியும் இந்தக் கடிதமும் கடைசி மலையை ஒரே லாரியில்தான் ஏறும், இருந்தாலும் கொடுத்தேன். இதோடு வரும் பொட்டலத்தில் மிசோ, மாசிக் கருவாட்டுச் சீவல், கடற்பாசித் தாள், சோயா சாஸ் சிறு புட்டி இருக்கின்றன. மற்றது அங்கே கிடைக்கும்.

முதலில் சாறு. உருளைக்கிழங்கு ஒன்று, வெங்காயம் பாதி, மெல்லியதாக நறுக்கு. இரண்டு கிண்ணம் தண்ணீரில் ஒரு கைப்பிடிச் சீவலைப் போட்டு ஒரு கொதி வந்ததும் வடித்துவிடு, அந்தத் தண்ணீரில் கிழங்கை வேகவை. உங்கள் உயரத்தில் தண்ணீர் எண்பத்தேழு டிகிரியிலேயே கொதித்துவிடும், கொதிக்கிறது என்று நம்பி இறக்கிவிடாதே, குச்சியால் குத்திப் பார். அடுப்பை அணைத்த பிறகு ஒரு கரண்டி மிசோவைக் கொஞ்சம் சாற்றில் கரைத்து ஊற்று. அப்புறம் கொதிக்க விடாதே, அதற்கான வசவை நான் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். அடுத்து முட்டை. மூன்று முட்டை, இரண்டு சிட்டிகை உப்பு, ஒரு கரண்டி சர்க்கரை, நுரைக்காமல் கலக்கு. வட்டச் சட்டியானாலும் பரவாயில்லை. எண்ணெய் தடவி மூன்றில் ஒரு பங்கு ஊற்று, மேலே இன்னும் ஈரமாக இருக்கும்போதே உன் பக்கமாகச் சுருட்டு, ஓரத்துக்குத் தள்ளு, மறுபடி ஊற்று, சுருளைத் தூக்கி அடியில் ஓடவிடு, மறுபடி சுருட்டு. முதல் நாள் மெத்தைதான் வரும். கேரட்டை ஈர்க்குச்சி போல நறுக்கி எண்ணெயில் புரட்டிச் சோயா சாஸும் சர்க்கரையும் விட்டு வற்றவிட்டால் அது ஒரு கறி. மாலைக்குக் கிழங்கு அடை செய், வெந்த கிழங்கை மசித்து அதில் கால் பங்கு கிழங்கு மாவு சேர்த்துத் தட்டி இருபக்கமும் சிவக்கச் சுட்டு மேலே சோயா சாஸும் சர்க்கரையும் தடவு, அங்கே கிழங்குக்கா பஞ்சம். சோறு ஆக்கும்போது பானை மூடி மேல் கல்லை வை, இல்லாவிட்டால் உள்ளே அரிசியாகவே இருக்கும். சோற்று உருண்டை பிடிக்கும்போது உப்பைச் சோற்றில் போடாதே, கையை நனைத்து உள்ளங்கையில் உப்பைத் தேய்த்துக்கொண்டு சுடச்சுடப் பிடி. கை சுட வேண்டும். சுடவில்லையென்றாலும் பிடி, சுடுகிறவரைக்கும் நாள்தோறும் பிடி.

எல்லாவற்றையும் எடுத்துவைக்கும்போது சோறு இடப்பக்கம், சாறு வலப்பக்கம். உனக்கு வசதிப்படாது. சாற்றைக் கொட்டிக்கொண்டாலும் பரவாயில்லை, அப்படியே வைத்துத் தின்னு. சமைக்கிற அம்மாளை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு தின்னு, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல். குளிருக்குக் கம்பளிக் காலுறை போடு, கொதிக்காத தண்ணீரைக் குடிக்காதே, இதையெல்லாம் நர்ஸுக்குச் சொல்கிறேன், தெரியும்.

நீ நெடுங்காலம் பசித்து, தின்று, மறுபடி பசித்து வாழ வேண்டும், வேறு பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தோன்றவில்லை. மறந்துவிடாதே, ஒவ்வொரு நாளும் சாற்றின் மேல் குனிந்து பார். கண்ணாடி பனித்து, நாக்கில் உப்பும் தெரிந்தால் அன்றைக்கே ஒரு வரி எழுது, மற்ற செய்தி எதுவும் வேண்டாம். பத்து நாள் தின்றும் இரண்டும் இல்லையென்றால் எழுதிக்கொண்டு உட்காராதே. கடிதம் வர மூன்று வாரமாகும், நீ அதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆறு மணிக்குச் சாப்பாடு. அப்போது நீ எப்படி வந்து உட்கார்ந்தாலும், சோற்றை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று யாரையும் கேட்காமலே எனக்குத் தெரியும்.

உன் அப்பா,
இசோபே ஷூகிச்சி